பென்சில் குறி போட்ட முட்டைகள்

புலாவ் செபாங்,
ஞாயிற்றுக்கிழமை, 5 அக்டோபர் 1952

அன்பு மகன் தனபாலனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். கால் வீக்கம் ஒன்றைத் தவிர என்னை எதிர்த்துப் பேசுவது இந்த வீட்டில் எதுவும் இல்லை. நீயும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதங்களைப் படித்தால் கெடா சர்க்கார் பண்ணைக் கோழிகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது விவரமாகத் தெரிகிறது, உன் உடம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் கோழிக்குச் சளி பிடித்ததை அரைப் பக்கத்துக்கு எழுதுகிறான், அம்மாவின் காலைப் பற்றிக் கேட்க அவனுக்கு இடம் போதவில்லை. போகட்டும். மே மாதம் நீ கேட்ட கேள்விக்கு ஐந்து மாதமாக நான் பதில் எழுதவில்லை என்று கிளேபாங்கில் இருக்கும் உன் அக்கா சாந்தியிடம் குறைபட்டுக்கொண்டாயாம். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் காளிமுத்துவின் மகள் கோமளாவை நீ கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமாம், அதற்கு என் சம்மதம் வேண்டுமாம். நான் பேசாமல் இருந்ததுதான் பதில் என்று புரிந்துகொள்ள உனக்கு இத்தனை படிப்பும் போதவில்லை. அந்தப் பதிலை இப்போது எழுத்தில் தருகிறேன். ஆனால் அதற்கு முன் நீ தபாலில் அனுப்பிய முட்டைகளைப் பற்றி முழுதும் சொல்லியாக வேண்டும். முட்டையைச் சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

பெட்டி செப்டம்பர் எட்டாம் தேதி திங்கட்கிழமை வந்தது. வழியில் எங்கோ காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம், மெயில் ரயில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டுத்தான் வந்து சேர்ந்தது. நீ பெட்டியின் நான்கு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் குஞ்சு பொரிக்கும் முட்டை என்று எழுதி வைத்திருக்கிறாய். அதைத் தபால் கிராணி அங்கமுத்து கூண்டுக்குள் இருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். "டிரெசர் அம்மா, கெடாவுலேருந்து முட்டை வந்திருக்கு லா! மவன் இந்த மாசம் காசுக்குப் பதிலா முட்டையாவே அனுப்பிட்டாரா?" என்றான், வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முப்பது வருஷம் முட்டை ஓடுகூட உள்ளே வராத வீடு என்னுடையது என்பது அவனுக்குத் தெரியாதா, அவன் மனைவி புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்கு என் வீட்டுக்குத்தான் வருகிறாள். ஸ்டாம்பு ஒட்டத் தெரிந்தவனுக்கு நாக்கை ஒட்டி வைக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் உமியும் பழைய செய்தித்தாளும். இருபத்து நான்கில் மூன்று உடைந்து நாறிக்கொண்டிருந்தன. உமியை இறுக்கி அடைக்க வேண்டும், முட்டையைக் கூரான முனை கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். நீ உமியைத் தூவி முட்டையை உருட்டிவிட்டிருக்கிறாய். பண்ணையில் உனக்கு எதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடியில் உன் சீட்டு. முட்டைகளைக் கோமளாவிடம் கொடுத்துவிட்டால் போதும், அவள் வீட்டில் அடைக்கோழி இருக்கிறது, அவள் பார்த்துக்கொள்வாள் என்று இரண்டே வரி. இது கோழிக்காக அனுப்பிய பெட்டி அல்ல என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. முட்டைக்குள் ஒரு பெண்ணை வைத்து என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். நீ இரண்டு வருஷம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது ஆயாக்கொட்டகைக்கு எத்தனை தடவை கணக்கெடுக்கப் போனாய் என்பதெல்லாம் எனக்கு அப்போதே காதுக்கு வந்தது. அந்தப் பெண் அந்தக் கொட்டகையில் காலில் செருப்பு இல்லாமல் பிறர் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டுகிறவள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள். என் வீட்டு வாசற்படியை அவள் மிதிக்க மாட்டாள் என்று பஜனைக்கு வந்த பெண்கள் எல்லாருக்கும் முன்னால் நான் சொல்லியிருக்கிறேன். ஆகவே முட்டைகளை நானே பொரிப்பது என்று முடிவு செய்தேன்.

நீ சிரிப்பாய். சிரி. மலாக்கா கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கோழி வளர்க்கச் சொல்லித்தரவில்லை, ஆனால் எழுதியிருப்பதை ஒழுங்காகப் படிக்கச் சொல்லித்தந்தார்கள், பெட்டியில் நீ போட்டிருந்த சர்க்கார் கையேட்டைப் படிக்க அது போதும். அந்தக் கையேட்டில் ஐந்து பிழைகள் இருக்கின்றன, அடிக்கோடிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன், மேலதிகாரியிடம் காட்டு. உன் அப்பா ஆஸ்பத்திரியில் டிரெசராகக் காயத்துக்கு மருந்து கட்டிய காலத்து மருந்துப் பெட்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. அதைக் கழுவிக் காயவைத்து உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைத்தேன், அடியில் தகரம் அடித்து அதன் கீழே மண்ணெண்ணெய் விளக்கு, ஓரத்தில் ஈரத்துக்கு ஒரு கிண்ணத் தண்ணீர். போன வருஷம் நீ போட்டுத் தருகிறேன் என்ற மின்சாரம் இன்னும் எதிர்வீட்டோடு நிற்பதால் விளக்குதான் கதி. சூட்டுக்கு அப்பாவின் காய்ச்சல் தர்மாமீட்டர். ஒவ்வொரு தடவையும் உதறி இறக்கி வைத்துப் பார்க்க வேண்டும், நூற்று மூன்று காட்டினால் சரி. மனிதனுக்கு அது ஜன்னி காணும் சூடு, முட்டைக்கு அதுதான் ஆரோக்கியமாம். ஒரு நாள் ஆறவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இருபத்தொரு முட்டைகளை உள்ளே வைத்தேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் குறுக்குக் கோடு, மறுபக்கம் வட்டம், மேல்முனையில் வரிசை எண். மையால் எழுதினால் ஓட்டில் ஊறி உள்ளே இறங்கும், அதனால் பென்சில். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று நாளுக்கு மூன்று முறை திருப்பினேன், ஒரு வேளை தவறியதில்லை. ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் 3, 8, 14, 20 ஆகிய நான்கும் வெறும் முட்டை. எடுத்துப் புதைத்தேன், மிச்சம் பதினேழு. பக்கத்து வீட்டார் நான் சாம்பிராணிப் பெட்டி செய்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் திருத்தவில்லை.

பதினெட்டாம் நாள் சனிக்கிழமை காலை விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. மலாக்கா சாலையைப் பட்டாளத்தார் மறித்திருந்ததால் இரண்டு நாளாக லாரி வரவில்லை, சீனன் கடையில் பீப்பாயைக் கவிழ்த்துக் காட்டிவிட்டான். இரவல் கேட்ட மூன்று வீடுகளிலும் இல்லை. தர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. இன்னும் மூன்று நாள்தான். பதினெட்டு நாள் நேரம் தவறாமல் செய்த வேலை ஒரு சுண்டு மண்ணெண்ணெய் இல்லாமல் பாழாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால்தான், வேறு எதனாலும் இல்லை, துணி துவைக்கும் மாரியம்மாவை அனுப்பி அந்தப் பெண்ணைக் கொல்லை வழியாக வரச் சொன்னேன். பத்து மணிக்கு வந்தாள். சேலை சுத்தமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்ததும் ஒரு முட்டையை எடுத்துக் கண் இமையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு பத்தலம்மா, ஆனா உசுரு இருக்கு," என்றாள். தர்மாமீட்டர் இருக்கும்போது கண் இமை எதற்கு என்று கேட்டேன். "இதுதாம்மா எங்களுக்கு," என்றாள். பதினேழையும் பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கி, வீட்டுக்குப் போன உடனே கோழிக்கடியில் வைக்கிறேன் என்றாள். இனித் திருப்பக் கூடாது என்று சொன்னேன், தலையாட்டினாள், தெரியும் போலிருந்தது. கிளம்பும்போது நான் அவளை நிறுத்தி ஒன்று சொன்னேன். யார் கேட்டாலும் இது என் வீட்டிலிருந்து வந்தது என்றோ நான் உன்னைக் கூப்பிட்டேன் என்றோ வாயைத் திறக்கக் கூடாது என்றேன். சரி என்றால் போதாது, சாமி படத்தைப் பார்த்துச் சொல் என்றேன். சொன்னாள். இதை நீ நன்றாகக் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் இதனால்தான்.

தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டபின் வாசலில் சோதனை எப்படி என்று நீ பார்த்ததில்லை. வெளியிலிருந்து யாரும் காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு கடத்திவிடக் கூடாது என்று அரிசியை அளக்கிறார்கள், தகர டப்பாச் சாப்பாட்டைச் சேர்த்துவைக்க முடியாதபடி ஓட்டை போடுகிறார்கள். இப்போது அங்கே நிற்பவன் வீரப்பன் என்று ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள், எஸ்.சி. என்பார்கள், ஜோகூரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, பூட்ஸுக்குப் பளபளப்பு வந்த அளவுக்குத் தலைக்குள் வரவில்லை. அவன் கூடையைத் திறந்து, பதினேழு முட்டையில் குறுக்குக் கோடும் வட்டமும் எண்ணும் இருப்பதைக் கண்டு, காட்டுக்குப் போகிற ரகசியச் சேதி என்று தீர்மானித்துவிட்டான். உள்ளே காகிதம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்பதாம் நம்பரைத் துப்பாக்கிக் கட்டையில் தட்டி உடைத்திருக்கிறான். உள்ளே இருந்தது என்ன என்று உனக்குத் தெரியும், பதினெட்டாம் நாள் இறகு முளைத்திருக்கும். அதற்குப் பிறகு மற்ற பதினாறையும் அவன் தொடவில்லையாம், வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தானாம். ஆனால் கோமளாவை லாரியில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் அங்கமுத்துவின் மனைவியும் இன்னும் மூன்று பெண்களும் பஜனைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தபோது, காளிமுத்து நேரே முன்வாசலுக்கு வந்து நின்றார். பால் வெட்டும் சட்டைதான், பொத்தான் ஒன்று இல்லை. "அம்மா, பிள்ளைய மாத்தா போலீசு புடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. முட்டையில எழுதுனது யாருன்னு கேக்குறாங்க, வாயவே தொறக்க மாட்டேங்குது. இப்படியே இருந்தா கேம்புல போட்டு, அப்புறம் கப்பல் ஏத்தி நாகப்பட்டணம் அனுப்பிருவாங்கன்னு அந்த எஸ்.சி. சொல்றாம்மா," என்றார். அந்தப் பெண் இந்த ஊரில் பிறந்தவள், கப்பலைப் படத்தில் பார்த்திருப்பாள். முட்டையை யார் கொடுத்தது என்று உமக்குத் தெரியுமே, நீர் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்ல வாயெடுத்தேம்மா, அது கண்ணால முறைச்சிருச்சு. சாமி மேல சொல்லியிருக்கேன்னு லாரி ஏறுறப்ப எங் காதுல மட்டும் சொல்லுச்சு. அதான், சொல்லலாமான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்," என்றார். தனபாலா, நான் அறுபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு உத்தரவு கொடுத்திருக்கிறேன். தன் மகளைக் கேம்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்கிற நிலையில் ஒரு தகப்பன் என் பெயரைச் சொல்ல என்னிடமே அனுமதி கேட்டு நின்றதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. பூ கட்டிய நான்கு பெண்களும் கையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். அந்த முட்டைகள் என்னுடையவை, எழுத்தும் என்னுடையது, இன்று காலை அவளை நான்தான் என் வீட்டுக்கு வரவழைத்தேன் என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வெள்ளைச் சேலையை மாற்றிக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அங்கமுத்துவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். பொத்த வேண்டிய வாய்தான்.

ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, மூக்குத் தோல் உரிந்தவன், இந்த நாட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகியிராது. நான் ஆங்கிலத்தில் மாலை வணக்கம் சொன்னதும் எழுந்து நின்றான், அந்த மட்டுக்கு யாரோ வளர்த்திருக்கிறார்கள். மூலையில் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பதினாறு முட்டையையும் மடியில் வைத்து முந்தானையால் இறுக்கி மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குனிந்தபடி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், அசையாதே, உட்கார் என்றேன். இவள் என்ன சொன்னாள் என்று அதிகாரியைக் கேட்டேன். பதினோரு மணியிலிருந்து ஐந்து மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள் என்றான். என்ன அது என்றேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தச் சொன்னாளாம். நான் அண்ணாந்து பார்த்தேன், விசிறி நின்றிருந்தது, அந்த வெக்கையில் அத்தனை போலீஸ்காரர்களும் சட்டை நனைந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நோட்டுப் புத்தகத்தில் என் முட்டைகளை அட்டவணை போட்டு வைத்திருந்தான். 3, 8, 14, 20 ஆகிய எண்கள் இல்லாததால் அந்த நான்கும் ஏற்கெனவே காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று பக்கத்தில் குறிப்பு வேறு. அவை என் கொல்லையில் முருங்கைக்கு அடியில் இருக்கின்றன, மண்வெட்டியோடு ஆளை அனுப்பு என்றேன். குறுக்குக் கோடு எதற்கு, வட்டம் எதற்கு, நாளுக்கு ஏன் ஒற்றைப்படையாகத் திருப்ப வேண்டும், இரட்டைப்படையாகத் திருப்பினால் ஒவ்வொரு இரவும் ஒரே பக்கத்தில் கிடந்து குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையெல்லாம் சின்ன வகுப்புக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். நம்பிக்கை வரவில்லை. அவன் பென்சிலை வாங்கி ஒன்று முதல் இருபத்தொன்று வரை எழுதிக் காட்டினேன். என் நான்கு மேலே மூடியிருக்கும், என் ஏழுக்கு நடுவில் கோடு உண்டு, சிஸ்டர் பழக்கிய கை அது, இந்த ஊரில் வேறு யாருக்கும் அப்படி வராது. முட்டையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு டார்ச்சைக் கொண்டுவரச் சொல்லி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஐந்தாம் நம்பரை அதன் மேல் வைத்து அவனைப் பார்க்கச் சொன்னேன். உள்ளே கறுப்பாக ஒன்று அசைந்ததும் குனிந்திருந்தவன் அப்படியே நின்றான், பிறகு மலாய்க்காரக் கார்ப்பரல் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற வீரப்பனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "தெரியாமப் பண்ணிட்டேம்மா, டியூட்டிம்மா," என்றான். ஒன்பதாம் நம்பர் யார் கணக்கில் என்று கேட்டேன்.

அதோடு முடியவில்லை. வாக்குமூலம் எழுதி, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமாம், காளிமுத்துவுக்குக் கைநாட்டுத்தான். நான் போடுகிறேன் என்றேன். அதிகாரி எழுதிய வாக்குமூலத்தில் முட்டை பொரிப்பதற்கான ஆங்கிலச் சொல்லையே தப்பாக எழுதியிருந்தான், திருத்திக் கொடுத்தேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது, பிடிபட்டவர் கையெழுத்திடுபவருக்கு என்ன உறவு என்று. அவன் பேனாவை மையில் தோய்த்து, வேலைக்காரி என்று போடட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஆமாம் என்றால் போதும், அதோடு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அந்தச் சொல் புரியும் அளவுக்கு அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும், அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, ஒரு முட்டை மேல் துணி விலகியிருந்ததை இழுத்து மூடினாள். நான் யோசித்தேன். அவள் எனக்கு ஒரு நாளும் கூலிக்கு வேலை செய்ததில்லை, அதனால் வேலைக்காரி என்பது பொய். கான்வென்டை விட்டபின் நான் பொய் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். என் மருமகள் என்றேன். அவன் எழுதிக்கொண்டான், நான் கையெழுத்துப் போட்டேன், மேலே முத்திரையும் விழுந்தது. வெளியே வந்து நடக்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன், எதற்காக அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாய், கப்பல் ஏற்றியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. "நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க," என்றாள், வேறு என்ன காரணம் வேண்டும் என்பது போல. முட்டாள் பெண். அவளை முட்டாள் என்று எழுதிவிட்டு இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு அங்கே இருந்த முட்டாள் ஒருத்திதானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வீடு வந்ததும் அவள் கொல்லைப் பக்கமாகத் திரும்பினாள். கொல்லையில் சேறு, முன்வாசலாலேயே வா என்றேன். கொல்லையில் அன்றைக்குச் சேறு அவ்வளவு இல்லை. கூடத்தில் நான்கு பெண்களும் பூவோடு காத்திருந்தார்கள், பஜனை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, அங்கமுத்துவின் மனைவிக்கு அன்றைக்குச் சுருதியே சேரவில்லை.

ஊரடங்குக்கு முன் காளிமுத்து அடைக்கோழியைச் சாக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார். கோழி இப்போது உன் அப்பாவின் மருந்துப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு அருவருப்பான பிராணியை நான் கண்டதில்லை, நன்றி கிடையாது, சுத்தம் கிடையாது, தண்ணீர் வைத்த என் கையையே கொத்துகிறது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஐந்தாம் நம்பர் ஓட்டில் மூக்கு வைத்துக் கீறியது, மாலைக்குள் பன்னிரண்டு வெளியே வந்துவிட்டன. நான்கு பொரிக்கவில்லை. பதினாறில் பன்னிரண்டு, உன் கையேட்டில் இதைவிடக் குறைவாகத்தான் எதிர்பார்க்கச் சொல்லியிருக்கிறது. ஒன்று வெளியே வரத் தெரியாமல் ஓட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது, நான் ஊசியால் ஓட்டை எடுக்கப் போனேன், வேலை முடித்துப் பார்க்க வந்திருந்த அந்தப் பெண் என் கையைப் பிடித்துவிட்டாள், பிடித்ததும் பயந்துபோய் விட்டுவிட்டாள். "அதுவா வரட்டும்மா, நாம எடுத்தா ரத்தம் வந்துரும்," என்றாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். அதுவாக வந்தது. சிவப்பும் பழுப்புமாக அழகு ஒன்றும் இல்லை, நனைந்த எலிக்குஞ்சு மாதிரித்தான் இருந்தன, மறுநாள் காய்ந்தபின் பரவாயில்லை. இப்போது அவள் ஆயாக்கொட்டகை வேலை முடித்துத் தினமும் நாலரை மணிக்கு வருகிறாள், வாசலில் விடுவதற்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வீரப்பன் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு விடுகிறானாம். குஞ்சுக்கு நொய் வைக்கிறாள், தண்ணீர் மாற்றுகிறாள், போகும்போது என் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவளுக்கு ஆங்கிலத்தில் எண்கள் என் மாதிரி எழுத வருமா என்று பார்த்தேன், நான்கை மேலே மூடுவதில்லை, திருத்திக்கொண்டிருக்கிறேன். டிரெசர் அம்மா என்று கூப்பிடாதே என்று சொல்லிவிட்டேன். அப்போ எப்படிக் கூப்பிடுறது என்றாள். அதை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். உன் புத்தியைப் பற்றியோ முட்டை கட்டும் திறமையைப் பற்றியோ என் அபிப்பிராயம் மாறவில்லை. ஐந்து மாதம் அம்மாவிடம் நேரே வந்து கேட்கத் துணிவில்லாமல் முட்டையைத் தூது அனுப்பியவன் நீ, அவள் ஐந்து மணி நேரம் துப்பாக்கிக்காரர்கள் நடுவில் பேசாமல் இருந்தவள், அவளுக்கு நீ பொருத்தமா என்று நான்தான் இனி யோசிக்க வேண்டும். ஆனாலும் போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்னது அன்றைக்கு மெய்யில்லை. அவசரகாலச் சட்டத்தில் பொய் வாக்குமூலத்துக்குச் சிறை உண்டு என்று அந்தக் காகிதத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கிறார்கள், எனக்கு அந்தப் பயம் இல்லை, பொய் சொன்னவள் என்ற பெயர் இல்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். தீபாவளிக்குப் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வா. தீபாவளி கழிந்த வாரத்திலேயே இரண்டு முகூர்த்த நாள் ஐயர் குறித்துக் கொடுத்திருக்கிறார், அந்த லீவுக்குள் மெய்யாக்கிவிடலாம். காளிமுத்துவிடம் பேசிவிட்டேன், என்னோடு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறார், உட்காரப் பழக்க வேண்டும். சாந்தியின் சின்னவனுக்குக் கக்குவான் குறைந்திருக்கிறது, மாப்பிள்ளை வழக்கம் போல எதற்கும் உதவாமல் சௌக்கியமாக இருக்கிறார்.

கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்காதே. மலேரியா மாத்திரையைத் தவறவிடாதே. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே, சுடுகிறார்கள். இனி எதையும் தபாலில் அனுப்பாதே, அனுப்பினாலும் உள்ளே என்ன என்று வெளியே எழுதாதே. வரும்போது மேலே மூட வேண்டிய நான்கை நீயும் ஒழுங்காக எழுதப் பழகிக்கொண்டு வா, உன் கடைசிக் கடிதத்தில் தேதியைப் படிக்க முடியவில்லை. மாரியம்மன் உன் உடம்பையும் உன் வழியையும் காக்கட்டும், நீ நீண்ட நாள் இருந்து உன் அப்பாவின் பெயரைக் கெடுக்காமல் வாழ வேண்டும். முட்டையில் நான் எழுதியது பென்சில், ஓடு உடைந்ததும் அதோடு போய்விட்டது. ஸ்டேஷன் காகிதத்தில் எழுதியது மை. அதை அழிக்க எனக்கு வழி தெரியாது, தெரிந்தாலும் அழிக்கிற உத்தேசம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமலவேணி தம்புசாமி